வெள்ளைக் கழுத்துப்பட்டிக் குற்றமும் மறியற்சாலையும்: ஆண் பெண் வேற்றுமை பற்றிய சில சிந்தனைகள்

விழா மலர் ஒன்றிலே மறியற்சாலை பற்றி எழுதப் புகுவது மங்கலமன்று என அன்பர் சிலர் கருதக்கூடும். கல்லூரியின் வளர்ச்சி, ஆசான்மாரின் தன்னலமற்ற தொண்டு, பழைய மாணவர் எய்திய உயர்பதவிகள் ஆகியனவே இத்தகைய ஏடுகளை அணிசெய்தல் மரபு. அம்மரபை நாமும் போற்றுகின்றோம். ஆயினும், நம் கல்லூரியிற் பயின்று வெளிப்போந்தோரிற் பெரும்பாலோர் எத்தொழில் புரிகின்றனர் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலிகிதர், காசாளர், கணக்காளர், வங்கி முகாமையாளர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர், பாடசாலை அதிபர், ஆலயப் பொருளாளர் எனப் பலதிறத்தாராய் இவர் விளங்கினும், பிறர் பணத்தைக் கையாளுபவர் என்னும் ஒன்றில் யாவரும் ஒருதன்மையரே. மண்வெட்டி பிடித்தவன் களவெடுக்க வேண்டுமாயின் வேலி தாண்ட வேண்டும். பேனா பிடித்தவனோ இருந்த நாற்காலியில் இருந்தவாறே களவெடுக்கலாம். கல்வி நமக்குத் தந்த ஆற்றல்களுள் இதுவும் ஒன்று. ஆதலின் இதனைப் பற்றி நாம் பேசாதிருப்பது அழகன்று.

இக்குற்றத்திற்கு இக்காலத்து அறிஞர் இட்ட பெயர் ‘வெள்ளைக் கழுத்துப்பட்டிக் குற்றம்’ என்பதாம். உடலுழைப்பாளர் அணியும் சட்டையினின்றும் வேறுபட்ட, கந்தோர் உத்தியோகத்தரின் வெள்ளைச் சட்டைக் கழுத்தைக் குறித்து எழுந்தது இப்பெயர். 1939ஆம் ஆண்டின் இறுதியிலே பிலடெல்பியா நகரிற் கூடிய அமெரிக்கச் சமூகவியலாளர் பேரவையிலே எட்வின் சதர்லாந்து என்னும் பேராசிரியர் இதனை முதன்முதல் வழங்கினார். மதிப்பும் உயர்ந்த சமூக நிலையும் உடைய ஒருவர், தம் தொழிலை நடத்துங்காற் புரியும் குற்றமே இது என அவர் வரையறுத்தார். குற்றம் வறுமையின் பிள்ளை என்று அதுவரை நம்பியிருந்த உலகத்தை அவ்வரையறை திடுக்கிட வைத்தது.

பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. தம்பிலுவிலிலும் காரைதீவிலும் வைகாசித் திங்களிலே கண்ணகை அம்மன் சடங்கு நடைபெறுங்கால் வழக்குரை கேளாத தமிழர் இக்கரையில் உளரோ? அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் கன்னமிட்ட கள்வனல்லன். அரண்மனையின் நம்பிக்கைக்குரிய பொற்கொல்லன். தன் பதவியால் வந்த வாய்ப்பைக் கொண்டு திருடி, அப்பதவியால் வந்த மதிப்பைக் கொண்டே பழியை வேறொருவன் தலையிற் சுமத்தினான். அதன் பயனை இறுதிவரை சுமந்தவளோ ஒரு பெண். ஆடவன் ஒருவனின் கணக்குப் பிழைக்குப் பெண்ணொருத்தி செலுத்தும் விலை எத்துணைப் பெரிது என்பதை நம் மூதாட்டியர் ஆண்டுதோறும் கேட்டுக் கண்ணீர் விட்டே வந்திருக்கின்றனர். இக்கட்டுரையும் அவ்வினாவையே பிறிதொரு வாயிலால் அணுக முயல்கின்றது. கற்றவர் சிறை புகுந்தால் அவருக்கு நேர்வது யாது? அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றேயாகுமா?

முதலிற் சட்டத்தை நோக்குவாம். நம் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கையாடல், நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், பொய்க்கணக்கு எழுதுதல் முதலியவற்றை அது தனித்தனியே வகுத்துக் கூறுகின்றது. நம்பிக்கை மோசடியைச் சாதாரண மனிதன் செய்வதிலும், இலிகிதனோ வேலையாளோ செய்வதும், அரசாங்க உத்தியோகத்தரோ வங்கியாளரோ செய்வதும் பாரதூரமானவை என்பது அச்சட்டத்தின் கருத்து. நம்பிக்கை மிகுமிடத்துத் தண்டனையும் மிகும். 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச்சொத்துக்களுக்கெதிரான குற்றங்கள் சட்டமோ இன்னும் கடியது. சிறைத்தண்டனையோடு, இழக்கப்பட்ட பொருளின் பெறுமதியைப் போல் மும்மடங்கு வரை குற்றப்பணம் விதிக்கவும் அது வழிசெய்கின்றது. இச்சட்டங்களுள் எதுவும் ஆண் என்றும் பெண் என்றும் பிரித்துப் பேசவில்லை. எழுத்தளவில் யாவரும் சமம். வேற்றுமை தோன்றுவது சட்டப் புத்தகத்திற்கு வெளியிலேதான்.

அவ்வேற்றுமை குற்றம் புரியுமிடத்திலேயே தொடங்கிவிடுகின்றது. டொனால்ட் கிரெசி என்னும் ஆய்வாளர் சிறையிலிருந்த ஆண் கைதிகளோடு உரையாடி, 1953ஆம் ஆண்டு ‘பிறர் பணம்’ என்னும் பொருளுடைய தலைப்பில் நூலொன்று வெளியிட்டார். நம்பிக்கைக்குரிய பதவியிலிருந்து கையாடியோர், பிறரிடம் வாய்திறந்து கூற இயலாத ஒரு பணமுட்டிற் சிக்கியவர்களே என்பது அவர் கண்ட முடிபு. கூறின் மதிப்புக் கெடும் என்று அஞ்சி, ‘சில நாளைக்குக் கடனாகத்தானே எடுக்கின்றேன்’ என்று தம் மனத்தைத் தாமே ஏமாற்றிக்கொண்டனர் அவர். டொரதி சீற்ஸ் என்னும் பெண்மணி கலிபோர்னியாவிலே பெண்கள் சிறையில் இத்தகைய கைதிகளைச் சந்தித்து 1981ஆம் ஆண்டு தம் ஆய்வை வெளியிட்டார். அவர் கண்ட பெண்களிற் பலர் தம் மதிப்பைக் காப்பதற்கன்றிக் குடும்பத்தைக் காப்பதற்கே கைநீட்டினர். நோயுற்ற பிள்ளைக்காகவும் கணவனின் கடனுக்காகவும், குலைந்துவரும் இல்வாழ்வை நிலைநிறுத்தவுமே அவர் துணிந்தனர். எல்லோரும் அவ்வாறே என்று கூறுதற்கில்லை; பேராசையாற் கெட்ட பெண்களும் உளர். ஆயினும் இருபாலாரும் ஒரே வாயிலால் அக்குழியில் இறங்குவதில்லை என்பது தெளிவாகின்றது.

1989ஆம் ஆண்டு கதலீன் டேலி என்னும் அறிஞர் அமெரிக்க மத்திய நீதிமன்றங்களிலே தண்டனை பெற்ற வெள்ளைக் கழுத்துப்பட்டிக் குற்றவாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்தார். அவர் கண்டது சிந்திக்கத் தக்கது. தொழில்புரிந்த ஆண்களிற் பெரும்பாலோர் முகாமையாளரும் நிருவாகிகளுமாக இருந்தனர். பெண்களிற் பெரும்பாலோர் இலிகிதர் நிலையினர். ஆண்கள் குழுவாகச் சேர்ந்து, நிறுவனத்தின் வசதிகளைப் பயன்படுத்திப் பெருந்தொகையைக் குறிவைத்தனர். பெண்கள் பெரும்பாலும் தனித்துநின்று சிறுதொகையையே எடுத்தனர். அவர்களின் கல்வியும் சொத்தும் ஆண்களுடையவற்றிலும் குறைந்தனவே. பெண்கள் உயர்பதவி எய்தினமையாற் குற்றம் பெருகிற்று என்று பேசுவோருக்கு இவ்வாய்வு தக்க விடையாகும். கோப்பு நகர்த்தும் மேசையிலிருந்த பெண்ணும் கோப்பிற் கையொப்பமிடும் அறையிலிருந்த ஆணும் ஒரே பெயருடைய குற்றத்திற்குச் சிறைசென்றாலும், அவர் புரிந்தவை ஒன்றல்ல.

இனி மறியற்சாலைக்குள் நுழைவாம். 1958ஆம் ஆண்டு கிரெஷாம் சைக்ஸ் என்பார் நியூ ஜேர்சி மாகாணத்து ஆண்கள் சிறையொன்றை ஆராய்ந்து, சிறையின் துன்பங்களை ஐந்தாக வகுத்தார். விடுதலை இழத்தல், பொருள் இழத்தல், இல்லற இன்பம் இழத்தல், தன் விருப்பப்படி ஒழுகும் உரிமை இழத்தல், பாதுகாப்பு இழத்தல் என்பனவே அவை. கற்றவனும் செல்வனுமாகிய கைதிக்கு இவை ஏனையோரிலும் பன்மடங்கு கடுமையாக இருக்கும் என்று நீதிபதிகளும் வழக்குரைஞரும் நெடுங்காலம் நம்பிவந்தனர். மெத்தையிற் படுத்தவன் சிமெந்துத் தரையிற் படுத்தல் எங்ஙனம் என்பது அவர் இரக்கம். இந்நம்பிக்கையாற் பல வழக்குகளிலே தண்டனை குறைக்கப்பட்டதும் உண்டு. மைக்கல் பென்சன், பிரான்சிஸ் கலன் என்னும் இருவர் 1988ஆம் ஆண்டு இந்நம்பிக்கைக்குச் சான்று யாது என வினாவினர். 2013ஆம் ஆண்டு அவ்விருவரும் வில்லியம் ஸ்ராட்லர் என்பாரோடு சேர்ந்து ஆண் கைதிகளிடையே நடத்திய ஆய்வின் முடிபு வெளிவந்தது. வெள்ளைக் கழுத்துப்பட்டிக் குற்றவாளிகள் ஏனைய கைதிகளிலும் மிகுதியாகத் துன்புறவில்லை. சிலவற்றில் அவர்களே இலகுவாகச் சிறைவாழ்விற்கு இசைந்தனர், நட்பும் தேடிக்கொண்டனர்.

இதில் வியப்பதற்கு அதிகமில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிதல், நேர ஒழுங்கு காத்தல், மேலதிகாரியின் மனமறிந்து நடத்தல் ஆகியவற்றில் அலுவலகமே இவர்களை ஆண்டுக்கணக்காகப் பழக்கிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் பிற கைதிகளுக்கு மனு எழுதிக்கொடுப்பான். அதனாலே மதிப்பும் பாதுகாப்பும் பெறுவான். கல்வி அங்கும் அவனைக் கைவிடுவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மேற்கூறிய முடிபு ஆண்களைக் கண்டு எழுதப்பட்டது. அதனை அப்படியே பெண்களுக்கும் ஏற்றிக் கூறுவது ஆராய்ச்சியாகாது.

பெண்களின் சிறை ஏன் வேறாகின்றது? முதற்காரணம் அவர்தம் தொகையின் சிறுமை. 2022ஆம் ஆண்டின் கணக்குப்படி உலகச் சிறைகளில் உள்ளோரிற் பெண்கள் நூற்றுக்கு ஏழு பேரளவினரே. தொகை சிறிதாகவே அவர்களுக்கென அமைந்த சிறைகளும் சில. சிறைகள் சிலவாகவே அவை வீட்டினின்றும் தொலைவில் அமைகின்றன. நம் நாட்டிலே பெரிய பெண்கள் பிரிவு கொழும்பு வெலிக்கடையில் உள்ளது. வினாயகபுரத்திலிருந்து அங்கு செல்ல முந்நூறு கிலோமீற்றருக்கு மேற் பிரயாணம் செய்தல் வேண்டும். ஓர் இரவுப் பஸ், ஒரு நாட் கூலி இழப்பு, பார்சலுக்கு ஒரு செலவு, இத்தனையும் ஒருசில நிமிட நேரச் சந்திப்பிற்காக. மனைவி கணவனைக் காண இப்பயணத்தை மேற்கொள்வாள்; தாய் மகனைக் காண மேற்கொள்வாள். மனைவியைக் காண எத்தனை கணவர் இரவுப் பஸ்ஸில் ஏறுவர் என்பதை வாசகரே தம் நெஞ்சைக் கேட்டறிவாராக.

இரண்டாவது காரணம் தாய்மை. தந்தை சிறைசென்றால் பிள்ளைகள் தாயோடு இருப்பர். தாய் சிறைசென்றாலோ வீடே கலைகின்றது. பாலுண்ணும் குழந்தை தாயோடு சிறைக்குள்ளே வளர்கின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு வழங்கிய தீர்ப்பொன்றிலே ஆறு வயது வரை பிள்ளை தாயோடு சிறையில் இருக்கலாம் என வரையறுத்து, அப்பிள்ளையைக் கைதியாகக் கருதலாகாது என்றும் கூறிற்று. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்ற பாங்கொக் விதிகள் எழுபதும் இக்குறையை நோக்கி எழுந்தனவே. பெண் கைதியை இயன்றவரை வீட்டிற்கு அண்மையில் வைத்தல், மாதவிலக்குக் காலத்துத் துணிகளை இலவசமாக வழங்குதல், கர்ப்பிணிக்கும் சிறுபிள்ளைகளைத் தாங்கும் தாய்க்கும் சிறையல்லாத தண்டனையை முதலில் ஆராய்தல் என்பன அவற்றுட் சில. இத்துணைச் சாதாரணமானவற்றை உலகம் 2010ஆம் ஆண்டுவரை எழுதிவைக்கவில்லை என்பதே, சிறை ஆணை நினைந்து கட்டப்பட்டது என்பதற்குப் போதிய சான்று.

பெண்கள் சிறையிலே வேறொரு பண்பும் காணப்படும். ரோஸ் ஜியலொம்பார்டோ என்னும் ஆய்வாளர் மேற்கு வேர்ஜீனியாவில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஓல்டர்சன் பெண்கள் சிறையை ஆராய்ந்து 1966ஆம் ஆண்டு நூலொன்று எழுதினார். அங்குள்ள பெண்கள் தம்முள் தாய், மகள், சகோதரி என உறவு வகுத்துக்கொண்டு வாழ்ந்தனர். இழந்த குடும்பத்தைச் சிறைக்குள்ளேயே மீண்டும் கட்டினர். அதே சிறையிலேதான் அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழிலதிபர் மார்த்தா ஸ்டுவர்ட், பங்கு விற்பனையொன்று பற்றிய விசாரணையிலே பொய்கூறிய குற்றத்திற்காக 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் ஐந்து திங்கள் இருந்தார். 2005ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்தபோது, உடன்கைதி ஒருத்தி பின்னிக் கொடுத்த மேலாடையை அவர் அணிந்திருந்தார். செல்வச் சீமாட்டிக்கும் அங்கே ஒரு சகோதரி வாய்த்தாள் போலும்.

தமிழர் யாவரும் அறிந்த வழக்கொன்றை இனி நோக்குவாம். அரசியற் சார்பு கூறுதல் எமது நோக்கமன்று. ஒரே குற்றம், ஒரே தண்டனை, இருபாலார் என்னும் அரிய ஒப்புமை அதிலுள்ளமையாலேயே அதனை எடுத்துக்கொள்கின்றோம். வருமானத்தை மிஞ்சிச் சொத்துச் சேர்த்தனர் என்ற வழக்கிலே, பெங்களூரின் தனி நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆந் தேதி நால்வரைக் குற்றவாளிகளெனக் கண்டது. அப்போது தமிழ்நாட்டு முதலமைச்சராயிருந்த ஜெயலலிதா, அவருடைய தோழி சசிகலா, சசிகலாவின் உறவினரான இளவரசி, சுதாகரன் என்போரே அந்நால்வர். யாவருக்கும் நான்காண்டுச் சிறை. குற்றப்பணம் ஜெயலலிதாவுக்கு 100 கோடி ரூபாய், ஏனைய மூவருக்கும் தலைக்குப் பத்துக் கோடி. 2015ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் தேதி உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கித் தனி நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்திற்று. ஜெயலலிதா அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். எஞ்சிய மூவரும் பெங்களூர்ப் பரப்பன அக்கிரகாரச் சிறை சென்றனர்.

அங்கு நடந்ததென்ன? 2017ஆம் ஆண்டு ஜூலையிலே அச்சிறைத் துறையின் உயரதிகாரியான ரூபா என்னும் பெண்மணி, சசிகலாவுக்குத் தனிச் சமையல் முதலிய சலுகைகள் வழங்கப்படுகின்றன என அறிக்கை எழுதினார். அவருடைய மேலதிகாரி அதனை மறுத்தார். ரூபா இடமாற்றம் பெற்றார். பின்னர் அமைந்த விசாரணைக் குழு விதிமீறல்கள் உண்டென்றே கண்டதாக 2019ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஆகவே பெண்ணென்றால் சிறையிற் கூடுதலாகத் துன்புறுவாள் என்று பொதுவிதி கூற இயலாது. பணமும் செல்வாக்கும் உள்ளவிடத்துச் சுவரும் நெகிழும்.

முடிவு இன்னும் கருதத்தக்கது. பெண்கள் இருவரின் குற்றப்பணமும் செலுத்தப்பட்டது. சசிகலா 2021ஆம் ஆண்டு ஜனவரியிலும் இளவரசி அதற்கடுத்த திங்களிலும் விடுதலையாயினர். சுதாகரனின் குற்றப்பணம் செலுத்தப்படவில்லை. அதற்கீடாக மேலும் ஓராண்டு சிறையிலிருந்து, 2021ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே அவர் வெளிவந்தார். ஒரே வழக்கில், ஒரே தண்டனையில், ஆடவரே நெடுநாள் இருந்தார். கைதியின் நாட்களை அளப்பது அவர் ஆணா பெண்ணா என்பது மட்டுமன்று. வெளியே அவருக்காக நிற்பவர் யார் என்பதுமாகும். சாதாரணப் பெண் கைதிக்கு வந்து சேரும் பெருங்கேடு இதுவே. வெளியே நிற்பவர் அவளுக்குத்தான் பெரும்பாலும் இல்லை.

இவ்வுண்மையை நம் கரையின் வழக்கத்தோடு பொருத்திப் பார்த்தல் நலம். திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனைப் பகுதிகளில் வாழும் தமிழரிடையும் முஸ்லிம் சகோதரரிடையும் குடி தாய்வழி வருவது தொன்றுதொட்ட முறை. வீடு மகளுக்குச் சீதனமாகின்றது. மணமகன் மனைவியின் வீட்டிற்கே வந்து வாழ்கின்றான். இதனாற் பெண்ணுக்கு ஒரு பலமும் உண்டு. ஒரு பாரமும் உண்டு. சங்கக் காசாளன் ஒருவன் கையாடிப் பிடிபட்டான் எனக் கொள்வோம். இழந்த பணத்தைக் கட்டினால் தண்டனை குறையும் என்று சட்டத்தரணி கூறுவார். கட்டுவதற்கு விற்கத்தக்கது யாது? மனைவியின் பெயரிலுள்ள வீடும் அவள் கழுத்திலுள்ள நகையுமே. குற்றம் அவனது, குடியிருப்பு இழப்பவள் அவள். இனி, ஒரு பெண் இலிகிதர் அதே குற்றத்திற்கு ஆளானாள் எனக் கொள்வோம். கணவன் தாய்வீடு திரும்புவான். பிள்ளைகள் அம்மம்மாவிடம் ஒப்படைக்கப்படுவர். அவளுடைய வீடு பூட்டிக் கிடக்கும். இருவரும் தண்டனை முடிந்து ஊர் திரும்பினால், ஆடவனைச் சில திங்களின் பின் கோயில் வீதியிலே ‘எப்படித் தம்பி, சுகமோ?’ என்று விசாரிப்பார் உளர். பெண்ணை விசாரிப்பார் இலர். அவளுடைய மகளின் திருமணப் பேச்சிலே பல்லாண்டு கழிந்தும் அக்கதை எழும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்னும் பழமொழி ஆணுக்குப் பாதியும் பெண்ணுக்கு முழுதுமாய்ப் பலிக்கின்றது. நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு ஒரு முடிவுத்தேதி உண்டு. ஊர் விதித்ததற்கு அதுவுமில்லை.

இவற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கன மூன்று. முதலாவது, மாணவர்க்குரியது. பணமுட்டு நேர்ந்தபோது அதனை மறைப்பதே குற்றத்தின் முதற்படி என்பதைக் கிரெசியின் ஆய்வு காட்டிற்று. ‘எனக்கு முடியவில்லை, உதவுங்கள்’ என்று ஒரு நண்பனிடமோ மேலதிகாரியிடமோ மனைவியிடமோ கூறும் துணிவு நேர்மையின் அரைப்பங்காகும். அத்துணிவை வகுப்பறையிலேயே பழகுதல் வேண்டும். இரண்டாவது, பொறுப்பிலிருக்கும் பழைய மாணவர்க்குரியது. மேலதிகாரி கையொப்பமிட்டு வாசியாது விட்ட தாளுக்காகக் கீழிருந்த பெண் இலிகிதர் கூண்டில் ஏறுவதற்கு இடங்கொடாதிருத்தல் வேண்டும். இரட்டைக் கையொப்பமும் ஒழுங்கான கணக்காய்வும் அவநம்பிக்கையின் அடையாளங்களல்ல, ஊழியரைக் காக்கும் வேலிகளேயாம். மூன்றாவது, நம் அனைவர்க்குமுரியது. தண்டனை முடித்து வந்தவர், ஆணாயினும் பெண்ணாயினும், கடன் தீர்த்தவர். அவர் பிள்ளைகள் கடன்பட்டவரே அல்லர். அப்பிள்ளைகளைப் பாடசாலையில் முன்வரிசையில் அமர்த்துவதும், அத்தாயைக் கோயிற் சடங்கிற்கு அழைப்பதும் செலவற்ற கருமங்கள்.

குற்றத்தை நாம் சிறிதாக்கவில்லை. ஏழையின் சேமிப்பை விழுங்கியவர் சிறை செல்வது நியாயமே. ஆனால் ஒரு தண்டனை ஒருவருக்கு நான்காண்டாகவும் மற்றொருவருக்கு வாழ்நாளாகவும் முடியுமாயின், அவ்வேற்றுமையைச் செய்தவர் நீதிபதியல்லர், நாமே. வழக்குரை கேட்டுக் கண்ணீர் விடும் கரையிலே பிறந்த நாம், அதனைச் சடங்கு நாளோடு மறந்துவிடலாகாது.